ஒன்றரை ஆண்டில் மறுபடியும் பேட்டரி: புதியது வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: வாய்க்கால்கரை வாசி, கோபிசெட்டிபாளையம்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அப்பா ஓட்டும் மோட்டார் சைக்கிளின் பேட்டரி மறுபடியும் படுத்துவிட்டது. 2018-ஆம் ஆண்டில் வாங்கிய 150 சி.சி. வண்டி அது, கார்புரேட்டர் உள்ளது, செல்ஃப், கிக்கர் இரண்டும் உண்டு. வண்டியோடு வந்த பேட்டரி நான்கு ஆண்டுகளுக்கு மேல் எந்தக் குறையும் இல்லாமல் உழைத்தது. அதற்குப் பின் போட்டது இரண்டு ஆண்டுகூட முழுதாக நிற்கவில்லை. அதற்கடுத்துப் போட்ட இப்போதைய பேட்டரியோ ஒன்றரை ஆண்டு ஆவதற்குள் அதே அறிகுறிகளைக் காட்டுகிறது. விடியற்காலையில் செல்ஃப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுற்றுவதில்லை. செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை அனுப்பும் சுவிட்சான ரிலேயின் 'டக், டக்' ஓசை மட்டுமே கேட்கிறது. ஹாரன் கம்மிப்போய் ஒலிக்கிறது. கிக்கரில் எடுத்துவிடலாம் என்றாலும், அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதால், குளிர்ந்து கிடக்கும் என்ஜினை உதைத்து எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வண்டியின் அன்றாட வேலையையும் சொல்லிவிடுகிறேன். இருட்டு விலகும் முன்பே பால் கேனை வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போய்வருவது, பிறகு தடப்பள்ளி வாய்க்கால் கரை வழியாகத் தோட்டத்துக்குப் போவது, நடுவில் உரக்கடைக்கோ அரிசி ஆலைக்கோ ஒரு நடை; எல்லாமே மிகக் குறைந்த தூரம், மெதுவான ஓட்டம், ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி மறுபடியும் செல்ஃப். கரையில் வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு எல்.இ.டி. விளக்குகளையும், கைபேசிக்கு ஒரு சார்ஜரையும் முந்தைய பேட்டரி இருந்த காலத்திலேயே பொருத்தியிருக்கிறோம். இரண்டுக்கும் ஒயர் பேட்டரியிலிருந்தே நேராக வருகிறது என்று நினைக்கிறேன்.

உள்ளூர் மெக்கானிக், பேட்டரி போய்விட்டது, புதியது போடுவதைத் தவிர வழியில்லை என்கிறார். நான் கோவையில் வேலை பார்ப்பதால் வார இறுதியில்தான் ஊருக்கு வர முடியும். இங்கேயே புதிய பேட்டரியை வாங்கிச் சென்று நானே மாற்றலாம் என்று எண்ணுகிறேன். இப்போது இருப்பது 12 வோல்ட், 9 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு), மேலே ஆறு மூடிகள் உள்ள, தண்ணீர் ஊற்றும் வகை. இதையே வாங்குவதா, தண்ணீரே தேவைப்படாத மூடிய வகையை வாங்குவதா? வாங்கும் முன் வண்டியில் வேறு எதையாவது சோதிக்க வேண்டுமா? கழற்றி மாட்டும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.


பதில்: ஆட்டோ எலக்ட்ரீசியன், பெருந்துறை

தம்பி, அப்பாவின் முழங்காலை எண்ணி நீங்கள் விரைவது புரிகிறது. ஆனாலும் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதற்கு முன், வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வண்டியருகே உட்காருங்கள். வண்டியோடு வந்த பேட்டரி நான்கு ஆண்டு உழைத்திருக்க, அடுத்து வந்த இரண்டும் பாதி வயதிலேயே போயிருக்கின்றன என்றால், பேட்டரியைக் கொல்லும் காரணம் வண்டிக்குள் இருக்கிறது என்றே நான் முதலில் சந்தேகிப்பேன். அந்தக் காரணத்தை விட்டுவிட்டு இன்னொரு பேட்டரியைப் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

மோட்டார் சைக்கிள் பேட்டரி அகாலத்தில் சாவதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்தான் உண்டு. ஓடும்போது போதிய சார்ஜ் ஏறாமல் இருப்பது ஒன்று. அளவுக்கு மீறி ஏறிப் பேட்டரி கொதிப்பது ஒன்று. வண்டி நிற்கும்போது எங்கோ ஓரிடத்தில் மின்சாரம் கசிந்துகொண்டே இருப்பது ஒன்று. குறைந்த சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடக்கும் பேட்டரியில், ஈயத் தகடுகளின்மேல் படியும் ஈய சல்ஃபேட் இறுகிப் படிகமாகிவிடும். புதிதாகப் படிந்த சல்ஃபேட் சார்ஜ் ஏற்றும்போது மீண்டும் கரைந்துபோகும், இறுகியது கரையாது. தகட்டின் அந்தப் பரப்பு அத்துடன் வேலைக்கு உதவாது. உங்கள் அப்பாவின் ஓட்டத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இந்த வழிதான்.

முதல் சோதனை, இரவு முழுவதும் வண்டி நின்ற பிறகு, காலையில் சாவியைப் போடும் முன்பே பேட்டரியின் இரு முனைகளிலும் வோல்ட்டைப் பார்ப்பது. 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் கிட்டத்தட்ட காலி. சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 அளவிலேயே நின்றுவிட்டால், பேட்டரிக்குள் தனித்தனி அறைகளாக உள்ள ஆறு செல்களில் ஒன்று இறந்துவிட்டது என்று பொருள்; ஏனென்றால் ஒவ்வொரு செல்லும் 2.1 வோல்ட் தருவது.

அடுத்து, மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃபை அழுத்தச் சொல்லுங்கள். முழுச் சார்ஜில் உள்ள நல்ல பேட்டரி, மோட்டார் சுற்றும்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. சும்மா நிற்கும்போது 12.5 காட்டிவிட்டு, செல்ஃபை அழுத்தியவுடன் எட்டுக்கோ ஏழுக்கோ சரிந்தால் அதன் உள்வலு போய்விட்டது. இந்தச் சோதனையைப் பேட்டரிக்கு முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பின்தான் செய்ய வேண்டும். பசியோடு இருப்பவனை மூட்டை தூக்கச் சொல்லிவிட்டு வலுவில்லாதவன் என்று தீர்ப்புச் சொல்வது முறையாகாது. உங்களுடைய 9 ஏ.ஹெச். பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.9 ஆம்பியர் அளவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஏற்ற வேண்டும். கார், டிராக்டர் பேட்டரிகளுக்கு வைத்திருக்கும் பெரிய சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள், தகடு வளைந்துபோகும்.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. பெரும்பாலான பட்டறைகளில் இதைச் செய்வதே இல்லை. என்ஜினை ஓடவிட்டு, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை முறுக்காமல்) ஒரு முறையும், ஆக்சிலரேட்டரை நிமிடத்துக்கு 4,000 அல்லது 5,000 சுற்றுக்கு உயர்த்தி ஒரு முறையும் பேட்டரி முனைகளில் வோல்ட்டைப் பாருங்கள். உயர்த்தியபோது ஏறத்தாழ 13.5 முதல் 14.5-க்குள் நின்றால் சார்ஜிங் சரியாக இருக்கிறது. 13-க்கு மேல் ஏறவே மறுத்தால் சார்ஜ் ஆகவில்லை: என்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் மேக்னெட் காயில், அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். யூனிட் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்), இவற்றுக்கு நடுவே உள்ள கனெக்டர், எர்த் ஒயர் ஆகியவற்றில் ஒன்றில் குறை. 15-ஐத் தாண்டிப் போனால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்படுத்தவில்லை, அப்போது ஆறு செல்களிலும் தண்ணீர் வேகமாக வற்றிக்கொண்டே இருக்கும்.

நான்காவது, கசிவு. சாவியை அணைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணையுங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைப் போடவோ செல்ஃபைத் தொடவோ கூடாது, மீட்டர் எரிந்துவிடும். சில மில்லி ஆம்பியர் ஓடினால் கவலையில்லை. 30 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு முக்கால் ஏ.ஹெச். அளவுக்குப் போகும், முழுச் சார்ஜில் நிறுத்திய 9 ஏ.ஹெச். பேட்டரிகூடப் பன்னிரண்டு நாள்களில் வறண்டுவிடும். சொசைட்டிக்குப் போய்வரும் குறுகிய ஓட்டத்தில், செல்ஃபுக்குச் செலவானதை ஈடுசெய்வதே கடினம். கசிவையும் சேர்த்து அந்த ஓட்டம் எப்படி ஈடுசெய்யும்? கைபேசிச் சார்ஜர் சாவியைச் சாராமல் நேராகப் பேட்டரியில் மாட்டப்பட்டிருக்கிறது என்று நீங்கள் சொன்னதால், அதை முதலில் கழற்றிவிட்டு மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

2017 ஏப்ரல் முதல் வந்த இரு சக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்வரை முகப்பு விளக்கும் எரிந்துகொண்டேதான் இருக்கும்; உங்கள் வண்டியும் அந்த வகை. ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது விளக்கு கூடிக் குறைந்தால் அதற்கு மின்சாரம் காயிலிலிருந்து நேராக வருகிறது, பேட்டரிக்கு அதனால் சுமையில்லை. ஒரே சீராக எரிந்தால் பேட்டரி வழியாக வருகிறது. அப்படியானால் 35 வாட் பல்புக்கு மட்டுமே ஏறத்தாழ 3 ஆம்பியர் போகும். கரையில் ஊர்ந்து போகும்போது காயில் தருவதில் பெரும்பங்கை அதுவும் உங்கள் எல்.இ.டி. விளக்குகளுமே தின்றுவிடும்.

இன்னும் இரண்டு பழக்கங்களைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தொழிலில் உள்ள சிலரே இவற்றைச் செய்கிறார்கள். சார்ஜ் ஆகிறதா என்று பார்ப்பதற்காக, என்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுவது ஒன்று. ஏறி இறங்கும் வோல்ட்டைத் தாங்கிச் சமன்செய்வது பேட்டரிதான்; அதைத் திடீரென்று நீக்கினால் வோல்ட் எகிறி, பல்பும், ஸ்பார்க் பிளக்கில் பொறி வரச்செய்யும் சி.டி.ஐ. யூனிட்டும், மீட்டர் பலகையும் கருகக்கூடும். ஸ்குரூடிரைவரால் இரண்டு முனைகளையும் தொட்டுப் பொறி வருகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றக்கூடியது. முகத்துக்கு நேரே பேட்டரி வெடித்து ஆசிட் தெறித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இரண்டையும் யாரும் செய்யாதீர்கள், உங்கள் வண்டியில் யாரையும் செய்ய விடாதீர்கள்.


பதில்: பேட்டரிக் கடை, திருப்பூர்

வணக்கம். பெருந்துறை அண்ணன் சொன்ன சோதனைகளை முடித்த பிறகே கடைக்கு வாருங்கள் என்பதை, பேட்டரி விற்கும் நானே முழு மனதோடு சொல்கிறேன்.

அதைவிட முதலில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பேட்டரி வாங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உத்தரவாத அட்டை வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இப்போது பல பேட்டரிகளுக்கு 24-உடன் 24 என்ற கணக்கில் 48 மாத உத்தரவாதம் தருகிறார்கள். முதல் 24 மாதத்துக்குள் உற்பத்திக் குறையால் போனால் இலவசமாக வேறு பேட்டரி, அடுத்த 24 மாதத்தில் போனால் புதியதன் விலையில் ஒரு பங்கு கழிவு. சிலவற்றுக்கு 12 மாதம், 18 மாதம் என்று குறைவாகவும் இருக்கும். அட்டையில் அச்சிட்டிருப்பதே கணக்கு. விற்ற தேதியும் கடை முத்திரையும் பேட்டரி எண்ணும் அதில் இருக்க வேண்டும். அட்டையைத் தேடாமலேயே, பட்டறையில் சொன்னதைக் கேட்டு முழு விலை கொடுத்துப் புதியது வாங்கிப் போகிறவர்கள் ஏராளம்; அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

புதியதே வாங்குவதானாலும் 9 ஏ.ஹெச்.-ஐ மாற்றாதீர்கள். பெரியது போட்டால் நீடித்து உழைக்கும் என்று 12, 14 ஏ.ஹெச். கேட்கிறார்கள். பேட்டரிப் பெட்டியில் அது அமராது என்பது ஒரு புறம். குறைந்த ஓட்டத்தில் சிறியதையே நிரப்ப முடியாத காயில் பெரியதை எங்கே நிரப்பப்போகிறது? அளவைப் போலவே முனைகளின் பக்கமும் முக்கியம். ஒரே ஏ.ஹெச்., ஒரே உருவம், ஆனால் பாசிட்டிவ் முனை இடப்பக்கம் இருப்பதும் உண்டு, வலப்பக்கம் இருப்பதும் உண்டு. பக்கம் மாறினால் ஒயர் எட்டாது; சிலர் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள், அது உராய்ந்து ஒரு நாள் ஷார்ட் ஆகும். பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் மாடல் குறியீட்டைப் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

தண்ணீர் ஊற்றும் வகையை வாங்கினால், அது ஆசிட் இல்லாமல் உலர்ந்த நிலையில் கடையில் இருக்க வேண்டும். உங்கள் கண்ணெதிரே ஆசிட் ஊற்ற வேண்டும். ஊற்றியவுடன் ஒரு மணி நேரமாவது தகடுகள் ஊறட்டும். அதன் பிறகு குறைந்த ஆம்பியரில் முதல் சார்ஜ் ஏற்ற வேண்டும். வாடிக்கையாளர் அவசரப்படுகிறார் என்று ஆசிட்டை ஊற்றி உடனே வண்டியில் மாட்டி அனுப்பிவிடும் கடைகள் இருக்கின்றன. அந்தப் பேட்டரி அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் அதன் முழுக் கொள்ளளவை ஒருபோதும் எட்டாது. காலையில் பணம் கட்டிவிட்டு மாலையில் வந்து வாங்கிக்கொள்வதில் ஒன்றும் குறைந்துவிடாது.

மூடிய வகை தொழிற்சாலையிலேயே நிரப்பிச் சார்ஜ் ஏற்றி வரும். அதில் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். உடலில் பொறித்திருக்கும் எண்களில் மாதமும் ஆண்டும் அடங்கியிருக்கும், கடைக்காரர் படித்துச் சொல்ல வேண்டும். பல மாதம் அலமாரியில் கிடந்ததை வாங்காதீர்கள். கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்து 12.6-க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் எடுங்கள். உங்கள் அப்பாவுக்கு மூடிய வகையே நல்லது என்பது என் எண்ணம். தண்ணீர் மட்டத்தை மாதம் ஒருமுறை குனிந்து பார்க்கும் வேலை அவருக்கு இல்லாமல் போகும்.

பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்தால் விலையில் ஒரு தொகை குறைப்பார்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தி முடிந்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கே உண்டு. பழைய இரும்புக்கடையில் பத்து ரூபாய் கூடக் கிடைக்கும் என்று போடாதீர்கள். அங்கே ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். அந்தப் புகையும் மண்ணும் அருகில் விளையாடும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயமாகச் சேருகின்றன. நொய்யலும் காளிங்கராயன் வாய்க்காலும் கழிவுநீரால் பட்ட பாட்டைக் கண்ட நம் பகுதி மக்களுக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை.


பதில்: பாலிடெக்னிக் ஆசிரியர், பொள்ளாச்சி

கடைக்காரச் சகோதரி சொன்னதில் ஒன்றை மட்டும் நான் வேறாகப் பார்க்கிறேன். மூடிய வகை வசதியானதுதான். ஆனால் சார்ஜிங் அளவு சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே அதைப் போட வேண்டும். ஆர்.ஆர். யூனிட் பழுதாகி 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால், திறந்த வகையில் தண்ணீர் குறைவது கண்ணுக்குத் தெரியும், ஊற்றிச் சமாளிக்கலாம். மூடிய வகையில் இழந்த ஈரத்தைத் திருப்பித் தரவே முடியாது, எச்சரிக்கையும் கிடைக்காது.

திறந்த வகையை வைத்துக்கொண்டால், ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும், வீட்டு ஆர்.ஓ. நீரிலும் உப்பு எஞ்சியிருக்கும். சுவைக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணீரும் பேட்டரிக்கு ஆகாது. ஆவியாவது நீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கும். எனவே மட்டம் குறைந்தால் ஆசிட்டை ஊற்றுவது பெருந்தவறு. பேட்டரியில் குறித்திருக்கும் மேல் கோட்டைத் தாண்டியும் நிரப்பக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

கழற்றுவது, மாட்டுவது பற்றி. சாவியை எடுத்துவிடுங்கள். கைக்கடிகாரம், மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ். வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது; அதைத் துண்டிக்காமல் பாசிட்டிவ் போல்ட்டைத் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை சட்டத்தைத் தொட்டால், பேட்டரியின் முழு மின்னோட்டமும் ஸ்பேனர் வழியாகப் பாயும். நெகட்டிவை முதலில் நீக்கிவிட்டால் அந்த ஆபத்து இல்லை. மாட்டும்போது வரிசை தலைகீழ்: முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவின் ரப்பர் மூடியை மறக்காமல் போட வேண்டும்.

ஒயர் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, நல்ல நீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு, இறுக்கிய பிறகு மேலே மெல்லிதாக வாசலின் தடவுங்கள். அந்தக் கரைசல் பேட்டரியின் மூடி வழியாக உள்ளே போய்விடக் கூடாது. போனால் ஆசிட் செத்துவிடும். ஆசிட் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

திறந்த வகையில் பலர் விட்டுவிடுவது காற்றுக்குழாய். பேட்டரியின் பக்கவாட்டுக் குழலில் மாட்டி வண்டியின் அடிப்பக்கம் வரை தொங்க வேண்டிய சிறு பிளாஸ்டிக் குழாய் அது. அதை மாட்டாவிட்டால் வாயுவோடு வெளியேறும் ஆசிட் துளிகள் செயினிலும் சட்டத்திலும் விழுந்து அரிக்கும். மாட்டிவிட்டு அது எங்கும் மடிந்தோ நசுங்கியோ இருக்கக் கூடாது. வாயு வெளியேற வழியில்லாவிட்டால் பேட்டரி உப்பிவிடும். புதிய பேட்டரியில் அந்தக் குழல் வாயை அடைத்திருக்கும் சிறு மூடியையும் நீக்க வேண்டும்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் கைக்கொள்ளும் கணக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்களுக்குத் தரும் தணிப்பு ஈரோடு, கரூர்ப் பக்கத்தில் கிடைப்பதில்லை. சித்திரை, வைகாசியில் அங்கே வெட்டவெளியில் நிறுத்தும் வண்டிக்குப் பேட்டரி விரைவில் போவதில் வியப்பில்லை. தோட்டத்தில் மரநிழலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை மாசு விதி) வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதிலாக ஃபியூவல் இன்ஜெக்ஷன் கொண்டவை. அவற்றில் பெட்ரோல் பம்ப்பும் கட்டுப்பாட்டு யூனிட்டும் மின்சாரத்தால் இயங்குவதால், பேட்டரி அறவே வறண்டுவிட்டால் தள்ளினாலும் எடுக்காது. அத்தகைய வண்டி வைத்திருப்போர் செல்ஃப் மந்தமாகத் தொடங்கும்போதே சோதித்துவிடுவது நல்லது.


பதில்: வாய்க்கால்கரை வாசி, கோபிசெட்டிபாளையம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊருக்குப் போய் எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன்.

காலையில் சாவி போடும் முன் 11.9 வோல்ட் இருந்தது. ஆறு செல்களிலும் நீர்மட்டம் சரியாகவே இருக்கிறது. 0.9 ஆம்பியரில் இரவு முழுவதும் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்ததில் 12.5, செல்ஃபை அழுத்தியபோது 8.7-க்குச் சரிந்தது. என்ஜின் ஓடும்போது ஐடிலில் 12.4, ஆக்சிலரேட்டரை எவ்வளவு உயர்த்தினாலும் 12.6-ஐத் தாண்டவில்லை. கசிவு 40 மில்லி ஆம்பியர் காட்டியது. கைபேசிச் சார்ஜரைக் கழற்றியவுடன் 2 மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிட்டது.

ஆர்.ஆர். யூனிட்டுக்கு வரும் கனெக்டரைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு முனையில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறது, உள்ளே உலோகம் பச்சையாகப் பூத்திருக்கிறது. வாய்க்கால் கரைச் சேறு போக வண்டியை மோட்டார்க் குழாயின் வேகத் தண்ணீரில் அடித்துக் கழுவுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த ஈரம் உள்ளே போயிருக்க வேண்டும். கனெக்டரைச் சுத்தம் செய்து தற்காலிகமாக மாட்டியதும் வோல்ட் 13.6-க்கு வந்தது. உத்தரவாத அட்டையும் கிடைத்தது. கடை முத்திரையோடு 24-உடன் 24 என்றே இருக்கிறது. இனி எதை முதலில் செய்வது? கனெக்டரைச் சரிசெய்தால் இந்தப் பேட்டரியே மீண்டு வருமா?


பதில்: ஆட்டோ எலக்ட்ரீசியன், பெருந்துறை

தம்பி, மிக ஒழுங்காகச் சோதித்திருக்கிறீர்கள். முழுச் சார்ஜ் ஏற்றிய பிறகும் 8.7-க்குச் சரியும் பேட்டரி மீளாது. நெடுநாள் அரைகுறைச் சார்ஜில் கிடந்து தகடு இறுகிவிட்டது.

முதலில் கனெக்டரைப் புதியதாக மாற்றுங்கள். உருகியதைச் சுரண்டி மாட்டுவது நிலைக்காது. தொடர்பு தளர்ந்த இடம் மறுபடி சூடாகி மறுபடி உருகும். ஒயரின் செம்பு கறுத்திருந்தால் கறுத்த பகுதியை வெட்டியெறிந்துவிட்டு, நல்ல செம்பில் முனையை அழுத்திப் பொருத்த வேண்டும். அந்தக் கனெக்டரில் காயிலிலிருந்து ஒரே நிறத்தில் இரண்டோ மூன்றோ ஒயர்கள் வரும். கனெக்டரைப் பிரித்து வைத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டு, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து அவற்றுக்கு நடுவே பாருங்கள். மூன்று ஒயர்கள் என்றால் எந்த இரண்டை எடுத்தாலும் ஒரே அளவு காட்ட வேண்டும். ஆக்சிலரேட்டரை உயர்த்தும்போது பல பத்து வோல்ட் வரும் என்பதால் வெறுங்கையால் ஒயர் முனைகளைத் தொடாதீர்கள். அளவு சமமாக இருந்தால் காயில் நலமாக இருக்கிறது. புதிய கனெக்டரோடு 14 வோல்ட்டை ஒட்டி வந்துவிட்டால் ஆர்.ஆர். யூனிட்டையும் மாற்றத் தேவையில்லை.

எல்.இ.டி. விளக்குகளுக்கும் சார்ஜருக்கும் ஒரு ரிலே வைத்து, சாவி போட்டால் மட்டுமே மின்சாரம் போகும்படி செய்து, பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸும் போட்டுவிடுங்கள். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயர் சட்டத்தில் உராய்ந்தால் வண்டியே தீப்பிடிக்கும்.

அப்பாவிடம் இரண்டு செய்திகள் சொல்லுங்கள். செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்த வேண்டாம். எடுக்காவிட்டால் பத்துப் பதினைந்து விநாடி விட்டு மறுபடி அழுத்தட்டும். வாரம் ஒரு முறையாவது சத்தியமங்கலம் சாலையில் அரைமணி நேரம் ஒரே சீராக ஓட்டிவரட்டும். குறுகிய ஓட்டத்தில் விட்டுப்போன சார்ஜ் அதில் நிரம்பிவிடும். கழுவும்போது சீட்டுக்கு அடியிலும் பக்கப் பலகைக்குள்ளும் வேகத் தண்ணீரை அடிக்க வேண்டாம்.


பதில்: பேட்டரிக் கடை, திருப்பூர்

அட்டை கிடைத்ததில் மகிழ்ச்சி. பேட்டரியை விற்ற கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் சார்ஜ் ஏற்றிப் பார்த்து, லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்துவிட்டே முடிவு சொல்வார்கள். அதற்கு ஓரிரு நாள் எடுக்கலாம் என்பதால் ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியின் சார்ஜிங் குறையால் பேட்டரி போனது என்று தெரிந்தால் உத்தரவாதத்தை மறுக்க அவர்களுக்கு இடம் உண்டு. அதை மறைக்க வேண்டாம். கனெக்டரை மாற்றிவிட்டதையும் இப்போது வரும் வோல்ட்டையும் சொல்லுங்கள். முற்றிலும் மறுத்தாலும், பழைய பேட்டரிக்கான தொகையைக் கழித்துக்கொண்டு புதியது தருவார்கள்.

உத்தரவாதத்தில் மாற்றுப் பேட்டரி கிடைத்தால், பொதுவாகப் பழையதில் மீதியிருக்கும் மாதங்களே அதற்கும் பொருந்தும். புதிதாக 48 மாதம் தொடங்காது. எனவே புதிய பேட்டரியின் எண்ணை அதே அட்டையில் எழுதி முத்திரை வைத்துத் தரும்படி கேட்டு வாங்குங்கள். முதல் சார்ஜ் ஏற்றாமல் அதையும் வண்டியில் மாட்ட விடாதீர்கள்.